மூளை இல்லாத கடல் அட்டைக்கு புலிக்கு இணையான பாதுகாப்பு ஏன்?

பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகரைக் கும்பிட்டுவிட்டு கிழக்கே வண்டியை விட்டால், காரைக்குடி, தேவகோட்டை தாண்டி சுமார் ஒன்றரை மணி நேரத்தில் தொண்டி கடற்கரை வந்துவிடும். அங்கிருந்து விரிவது பாக் விரிகுடா. ஆழம் கம்மி, அலையும் கம்மி, அடியில் கடற்புல். 'கடல் அட்டை பறிமுதல்' என்று அடிக்கடி செய்தியில் படிப்பீங்களே, அந்த உயிரினத்துக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

அட்டைனா ரத்தம் உறிஞ்சுமா?

உறிஞ்சாது. பேரில் மட்டும்தான் அட்டை. நட்சத்திர மீன், கடல் முள்ளெலி எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். மூளை கிடையாது, கண் கிடையாது. மூச்சு விடுவதோ ஆசனவாய் வழியாக! ஆபத்து வந்தால் சில வகைகள் குடலையே வெளியே தள்ளிவிடும். பிறகு புதுசா வளர்த்துக்கொள்ளும்.

நம்ம கடலில் அதிகம் தேடப்படுவது வெள்ளை அட்டை. அறிவியல் பெயர் ஹோலோத்தூரியா ஸ்காப்ரா. மணலை விழுங்கி, அதில் கலந்திருக்கும் கழிவையும் நுண்ணுயிர்களையும் செரித்து, சுத்தமான மணலை வெளியே விடும். மண்புழு வயலுக்குச் செய்யும் வேலையை இது கடலுக்குச் செய்கிறது.

அப்புறம் ஏன் பிடிக்கிறாங்க?

வேகவைத்து உலர்த்திய அட்டைக்கு சீனா, ஹாங்காங், சிங்கப்பூரில் நல்ல விலை. ஓடி ஒளியத் தெரியாத உயிர் என்பதால் முங்கி எடுப்பதும் எளிது. 1982-ல் சின்ன அட்டைகளின் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அது போதவில்லை. 2001-ல் எல்லாக் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. புலி, யானை இருக்கும் அதே பட்டியல்.

இனப்பெருக்கத்தில்தான் சிக்கல். ஆணும் பெண்ணும் சேர்வதில்லை. விந்தையும் முட்டையையும் தனித்தனியாகத் தண்ணீரில் விடும். பக்கத்தில் துணை இருந்தால்தான் கரு உண்டாகும். அங்கொன்றும் இங்கொன்றுமாக மிச்சம் இருந்தால், ஒரு பெண் அட்டை லட்சக்கணக்கில் முட்டை விட்டாலும் வீண்தான். பிறக்கும் லார்வாக்கள் ஒட்டி வளரக் கடற்புல்லும் வேண்டும். அதனால்தான் ஒரு தடவை அழித்துவிட்டால் மீண்டு வர ரொம்ப காலம் ஆகிறது.

மீனவர்கள் என்ன சொல்றாங்க?

முங்கி எடுத்துப் பிழைத்தவர்களுக்குத் தொழில் போச்சு. மீனுக்கு விரித்த வலையில் தானாகச் சிக்கினாலும் வழக்கு வருமோ என்ற பயம் வேறு. தடையை நீக்கச் சொல்லிப் பல வருஷமாகக் கேட்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இது சட்டப்படியான தொழில். யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் பண்ணைகளே இருக்கின்றன. இங்கிருந்து அங்கே கடத்தல் நடப்பதற்கும் அதுதான் காரணம்.

இத்தனைக்கும் வெள்ளை அட்டைக் குஞ்சை உலகிலேயே முதலில் பொரிப்பகத்தில் உருவாக்கியது நம்ம தூத்துக்குடிதான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1988-லேயே அதைச் சாதித்துவிட்டது. குஞ்சு வளர்த்துக் கடலில் விட்டால் அட்டையும் பெருகும், மீனவருக்கும் வழி பிறக்கும் என்கிறது ஒரு தரப்பு. பண்ணை அட்டை எது, கடலில் திருடியது எது என்று உலர்த்திய பிறகு எப்படிப் பிரிப்பது? அதற்கு உறுதியான ஏற்பாடு செய்யாமல் தடையைத் தளர்த்தினால், இருப்பதும் போய்விடும்.