இரும்பைத் தேய்க்கும் ரப்பர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சாகினா என்றொரு ஊர். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பல பத்தாண்டுகள் ஓடிய ஒரு பவர் ஸ்டியரிங் பம்ப்புக்கு அந்த ஊரின் பெயர்தான். வெளியே பம்ப்பைப் போர்த்திய தகரத் தொட்டி. உள்ளே ஒரு ரோட்டர், அதன் வெட்டுகளில் வழுக்கி நகரும் பத்துத் தகடுகள். வீட்டு வாசலில் வைத்துப் பிரித்துப் பழக நல்ல பம்ப். ஒழுகுவதிலும் பேர்போனது.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. எண்ணெய் கீழே இறங்கும், ஃபேன் காற்று அதைப் பின்னால் தள்ளும். நனைந்த இடம் ஒன்று, கசிந்த இடம் வேறு. முதலில் பம்ப்பைக் கழுவித் துடைக்க வேண்டும். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, இன்னொருவர் டார்ச்சுடன் பார்க்க வேண்டும். ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. டயருக்குள் இருப்பது சுமார் 30 பிஎஸ்ஐ. இங்கே 1000-ஐத் தாண்டும். ஊசித் துளையில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பின்பக்கம் மட்டும் நனைந்தால் தொட்டியைச் சுற்றியுள்ள ஓ-ரிங்கை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்தது. புல்லிக்குப் பின்னால் நனைந்தால் ஷாஃப்ட்டின் ஆயில் சீல். சுவாரசியம் அங்கேதான்.

அந்த சீல் ஷாஃப்ட்டை இறுக்கி அடைத்திருப்பதாக நினைக்கிறோம். அப்படி உலர்வாக இறுக்கினால் சூட்டில் கருகிவிடும். உண்மையில் ரப்பர் உதட்டுக்கும் இரும்புக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனில் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அது ஏன் வெளியே வருவதில்லை? உதட்டின் இரு சரிவுகளும் சமமல்ல. எண்ணெய்ப் பக்கம் செங்குத்து, காற்றுப் பக்கம் சாய்வு. ஷாஃப்ட் சுழலும்போது ரப்பரின் நுண்ணிய மேடுபள்ளங்கள் வெளியேறப் பார்க்கும் எண்ணெயை ஓயாமல் உள்ளே திருப்பித் தள்ளுகின்றன. சீலே ஒரு குட்டிப் பம்ப்! தலைகீழாக மாட்டினால் எண்ணெயை வெளியே தள்ளும். அதனால் சீலில் ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்த்திருக்க வேண்டும்.

புது சீல் போட்டும் ஒழுகுகிறதா? ஷாஃப்ட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மோதிரம்போல் ஒரு பள்ளம் தட்டுப்படலாம். மெத்தென்ற ரப்பர் இரும்பைத் தேய்த்ததெப்படி? எண்ணெயிலுள்ள துகள்கள் ரப்பரில் புதைந்து உப்புத்தாள்போல் ஆகிவிடுகின்றன. ஷாஃப்ட்டின்மேல் மெல்லிய எஃகு உறை ஒன்றைச் செருகி அந்தப் பள்ளத்தை மூடலாம். இல்லையேல் வேறு பம்ப்.

புட்டியில் விற்கும் கசிவு நிறுத்திகள் பெரும்பாலும் ரப்பரை உப்ப வைப்பவை. இறுகிப்போன சீலுக்குக் கொஞ்சநாள் உதவும், பள்ளத்தை நிரப்பாது. அதே எண்ணத்தில் பிரேக் ஆயிலை ஊற்றுவோரும் உண்டு; அது இந்த ரப்பரைக் கெடுத்தே விடும். புல்லியைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுவதும் அதே ரகம்; அதற்குப் புல்லர் என்ற கருவி உண்டு.

எல்லாம் பூட்டியபின் முன்சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினை ஓட்டாமலே ஸ்டியரிங்கை இருபுறமும் மெல்லத் திருப்பினால் காற்றுக் குமிழிகள் தொட்டியில் வந்து உடையும். அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் எண்ணெயும் காற்றும் கலந்து நுரைக்கும், பம்ப் ஊளையிடும். அப்புறம் இன்ஜினை நிறுத்தி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, முதலிலிருந்து திருப்ப வேண்டியதுதான்.