மிச்சமும் எச்சிலும்

தமிழில் ‘மிச்சம்’ என்றொரு சொல் உண்டு. ‘எச்சில்’ என்றொரு சொல்லும் உண்டு. பந்தியில் பரிமாறப்படாமல் பாத்திரத்திலேயே நின்றுவிட்டது மிச்சம். இலையில் விழுந்து, கைபட்டு, உண்ணப்படாமல் கிடப்பது எச்சில். முன்னது இன்னொருவருக்கு உணவாகும்; பின்னது மாட்டுக்கோ எருக்குழிக்கோ போக வேண்டியது. விருந்தில் மிஞ்சிய உணவை வேண்டியவர்களிடம் கொண்டு சேர்க்கும் தொண்டர்களைப் பற்றிப் பேசப் புகுந்த நான், இவ்விரு சொற்களிலிருந்தே தொடங்குகிறேன். அத்தொண்டின் முதல் விதி இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. மூன்றாவதாக ‘ஊசிப்போனது’ என்றொரு சொல்லும் இருக்கிறது, மாணவ நண்பர்களே! மிச்சமாக இருந்த சோறு எந்த நாழிகையில் ஊசிப்போன சோறாகிறது என்பதே இங்கு எல்லாவற்றிலும் கடினமான கேள்வி.

திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் இடையே அமைந்த கூத்தாநல்லூரைச் ‘சின்னச் சிங்கப்பூர்’ என்று சொல்வது வழக்கம். கடல் கடந்து சென்று பொருளீட்டுவோர் மிகுந்த ஊர் அது. நான்கு புறமும் வயல், விருந்தோம்பலுக்கோ குறைவில்லை. திருமணம் என்றால் ஆயிரம் பேருக்குச் சமைப்பார்கள். எண்ணூறு பேர் வருவார்கள். சோறு குறைந்தால் வீட்டாருக்குத் தலைகுனிவு. மிஞ்சினால் ஒருவரும் குறை சொல்வதில்லை. ஆகவே மிஞ்சும்படியே உலை வைக்கிறோம். காவிரிப் படுகையில் மட்டுமன்றி எங்கும் இதுதான் வழக்கம்.

ஒரு கிலோ நெல் விளையச் சராசரியாக 2,500 லிட்டர் நீர் வேண்டியிருக்கிறது என்று நெல் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். மேட்டூர் அணை எப்பொழுது திறக்கும் என்று வானத்தையும் செய்தித்தாளையும் மாறி மாறிப் பார்க்கும் நாம், அண்டாச் சோற்றைக் குழியில் கொட்டும்போது அந்த நீரை நினைப்பதில்லை. 2022-ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் அறிவித்தது. அதில் 63 கோடி டன் வீடுகளில் வீணானது. எனவே மண்டபக்காரரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது.

இனி என் பிழையொன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வேறோர் ஊரில் தலைமையாசிரியனாக இருந்தபோது, ஒரு மாலை திருமண வீட்டிலிருந்து ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சாம்பார் சாதம் விடுதிப் பிள்ளைகளுக்கு வந்தது. கொணர்ந்தவரை மனமார வாழ்த்தினேன். முகர்ந்து பார்த்தேன், நல்ல மணம். ஒரு கவளம் உண்டும் பார்த்தேன், சுவை கெடவில்லை. நன்றாகச் சூடாக்கி இரவு எட்டு மணிக்குப் பரிமாறச் செய்தேன். பத்து மணிக்குள் பதினொரு பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள். விடியுமுன் அனைவரும் தேறினர். எனக்கு அந்த இரவு நெடியதாக இருந்தது. கொடுத்தவர்மீது குற்றமில்லை. ‘இது அடுப்பிலிருந்து எத்தனை மணிக்கு இறங்கியது?’ என்ற கேள்வியை நான் கேட்கவில்லை.

மூக்கும் நாக்கும் என்னை ஏன் ஏமாற்றின? அரிசியில் இயல்பாகவே ‘பாசில்லஸ் சீரியஸ்’ என்னும் நுண்ணுயிரின் வித்துக்கள் இருக்கக்கூடும். கொதிநீரிலும் அவை சாவதில்லை. சோறு வெந்து, சூடு 60 பாகைக்குக் கீழே இறங்கியதும் முளைத்துப் பெருகத் தொடங்கும். அண்டாவில் மலைபோல் குவிந்த சோறு நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருப்பதால், அவற்றுக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. பெருகியபின் அவை ஒரு நஞ்சைக் கக்குகின்றன. அதற்கு மணமில்லை, சுவையுமில்லை. மறுபடி சூடாக்கினால் நுண்ணுயிர் மடியும், நஞ்சு அழியாது. உண்ட அரைமணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். என் விடுதியில் நடந்ததும் இதுவாகவே இருக்க வேண்டும் என்று பின்னர்ப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சமைத்த உணவை 60 பாகைக்கு மேல் சூடாகவே வைத்திருக்க வேண்டும். இல்லையேல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. அகன்ற தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பினால் சோறு விரைவில் ஆறும். ஆறியதைக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். நம் பாட்டிமார் இராச்சோற்றில் நீரூற்றி வைத்தார்கள். நீரில் பெருகும் வேறொரு வகை நுண்ணுயிர்கள் சோற்றைப் புளிக்கச் செய்து, தீயவற்றின் பெருக்கத்தைத் தடுக்கின்றன. புளியோதரை தாங்குவதும் தேங்காய் அரைத்த கூட்டு முதலில் கெடுவதும் சமையற்காரர் எவரும் அறிந்ததே. தொண்டருக்கு இந்த வரிசை மனப்பாடமாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 1967-இல் ஜான் வான் ஹெங்கல் என்பவர் முதல் உணவு வங்கியைத் தொடங்கினார். டப்பாவில் அடைத்த உணவும் தானியமும் அலமாரியில் காத்திருக்கும். நம் வீடுகளில் எடுத்து வைத்த பிடியரிசியும் அப்படியே காத்திருந்தது. வெந்த சோறு காத்திராது. ஆகையால் நம் நாட்டில் இத்தொண்டு வங்கி போன்றதன்று, அஞ்சல் போன்றது.

இதைத் தஞ்சைச் சத்திரங்கள் நன்கு அறிந்திருந்தன. இரண்டாம் சரபோசி மன்னர் 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், தம் சத்திரங்களில் சாதி வேற்றுமையின்றி வழிப்போக்கர் அனைவருக்கும் சோறிடப்பட்டதை விவரிக்கிறார். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உண்டா என்று கூவியழைத்து, சமைத்து வைத்த சோற்றை இடுவார்களாம். அந்த மணியோசையை நான் பலமுறை நினைத்ததுண்டு. உண்பவர் வரட்டும் என்று சோறு காத்திருக்கவில்லை; அவரைத் தேடிச் சென்றது.

இன்று அந்த மணியின் இடத்தில் தொலைபேசி இருக்கிறது. கோயம்புத்தூரில் 2014-இல் பத்மநாபன் கோபாலன் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ இயக்கத்தாருக்கு மண்டபத்திலிருந்து அழைப்பு வந்தால், தொண்டர்கள் சென்று உணவைச் சோதித்து எடுத்து, பசித்தோர் வாழும் இடங்கள் என்று முன்பே குறித்து வைத்த பகுதிகளுக்குக் கொண்டு செல்கின்றனர். முன்பே குறித்து வைத்தலே இதில் முக்கியம். சோற்றை வண்டியில் ஏற்றிய பிறகு ஏழையைத் தேடினால் பொழுது போய்விடும். சென்னை பெசன்ட் நகரில் 2017-இல் மருத்துவர் இசா பாத்திமா ஜாஸ்மின் பொதுக் குளிர்ப்பெட்டியொன்றை நிறுவினார். வைப்பவர் வைக்கலாம், வேண்டியவர் யார் முகத்தையும் பாராமல் எடுத்துச் செல்லலாம். 2019-இல் நடுவண் அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் மிச்ச உணவுக்கென விதிகள் வகுத்தது. பொட்டலத்தின்மேல் உணவின் பெயர், அளித்தவர் விவரம், கெடாதிருக்கும் காலம், சைவமா அசைவமா என்பவற்றைக் குறிக்க வேண்டும்.

பெறுபவரின் மதிப்பைக் காப்பதற்குக் கூத்தாநல்லூர் போன்ற ஊர்கள் வெளியில் பாடம் கேட்க வேண்டியதில்லை. ரமலான் மாதத்து மாலையில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள். செல்வர் வீட்டுப் பிள்ளையும் கூலியாள் வீட்டுப் பிள்ளையும் ஒரே வரிசை. வேற்று மதத்தவர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே உண்டு. கஞ்சி சூடாக இறங்கிய சிறிது நேரத்தில் வீடு சேர்ந்துவிடுகிறது. அது மிச்சமன்று, அவர்களுக்கென்றே காய்ச்சியது. ஆயினும் மிச்சத்தை வழங்குவோர் அந்த நேர ஒழுங்கைக் கற்கலாம்.

ஓய்வு பெற்றபின் என் பழைய மாணவர் சிலர் இத்தொண்டில் இறங்கி என்னையும் அழைத்தார்கள். வண்டி ஓட்ட என்னால் ஆகாது. நான் கொடுத்தது ஒரு பெட்டி சுண்ணக்கட்டி. அண்டா அடுப்பிலிருந்து இறங்கியதும் அதன் மூடியில் மணியை எழுதிவிடும்படி சமையற்காரர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கடைசிப் பந்தி வரை காத்திராமல், இரண்டாம் பந்தி எழுந்ததுமே இனி எத்தனை பேர் வருவார்கள் என்று வீட்டாரை எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம். பெரும்பாலும் இது நடக்கிறது.

ஒருநாள் மாலை நான்கு மணிக்கு ஒரு மண்டபத்திலிருந்து அழைத்தார்கள். மூடியில் பத்தரை என்று எழுதியிருந்தது. நூறு பேருக்குக் காணும் சோறு, மணம் மாறவில்லை. ‘ஐயா, நல்ல சோறுதானே, வேண்டாமென்கிறீர்களே’ என்று மணமகளின் தந்தை வருந்தினார். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையசைத்து மறுத்தேன். கெடாதிருந்த அப்பளத்தையும் இனிப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு, சோற்றைக் குழிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வெளியே வந்தோம். மறுமாதம் அவர் உறவினர் வீட்டுத் திருமணத்தன்று, பகல் பன்னிரண்டேகாலுக்கே அவரிடமிருந்து அழைப்பு வந்தது.