பனிமலை தாண்டிக் காஞ்சிக்கு வந்தவரைத் தெரியுமா?

காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறி வருகிறவர்களைத் தெரியும். காரில் வந்து நாலு முகூர்த்தப் புடவை எடுத்துப் போகிறவர்களையும் தெரியும். ஏழு நாள் உறைபனியில் நடந்து மலை கடந்து, பத்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் இந்த ஊரில் வந்து நின்ற ஒருவரைத் தெரியுமா? யுவான் சுவாங் என்ற சீனப் புத்தத் துறவி! பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு வரியில் வந்துவிட்டு ஓடிப்போவாரே, அவரேதான்! சுமார் 640இல், நரசிம்மவர்ம பல்லவர் காலத்தில் வந்தார்.

சீனாவை விட்டு அவர் புறப்பட்டது 629 வாக்கில், அதுவும் அரசாங்க அனுமதி இல்லாமல்! வழியில் துர்ஃபான் அரசர் பிடித்துக்கொண்டார். கடைசியில் 30 குதிரை, 25 ஆட்கள், துணைக்கு நாலு இளம் துறவிகள், குளிருக்கு முகமூடி, கையுறை, பூட்ஸ் எல்லாம் கொடுத்து அனுப்பினார். இதைவிட ஆச்சரியம், வழியிலுள்ள 24 நாடுகளுக்கு 24 கடிதங்கள், ஒவ்வொன்றோடும் ஒரு சுருள் பட்டு! அந்தக் காலத்து விசா அதுதான்.

அப்புறம் தியான்ஷான் மலை. அவர் கடந்த கணவாய் பெடல் என்பது பலருடைய கணிப்பு. உயரம் 4,200 மீட்டருக்கு மேல்! நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அங்கே ஒரு பொழுது எப்படிப் போனது தெரியுமா? காற்றும் பனியும் சேர்ந்து சுழற்றி அடிக்கும். கம்பளி உடைமேல் கம்பளி உடை போட்டாலும் நடுக்கம் நிற்காது. உட்கார ஈரமில்லாத ஒரு முழ இடம் கிடையாது. பானையைத் தொங்கவிட்டுத்தான் சமையல், பனிக்கட்டி மேல் பாயை விரித்துத்தான் தூக்கம். ஏழாம் நாள் வெளியே வந்து எண்ணிப் பார்த்தால், கூட வந்தவர்களில் பத்துக்கு மூன்று நாலு பேர் இல்லை. பசியும் குளிரும் கொண்டுபோய்விட்டன. மாடும் குதிரையும் செத்தது அதைவிட அதிகம்.

அந்த மலைக்கு ஒரு சட்டமும் உண்டு. சிவப்புத் துணி உடுத்தக் கூடாது, சுரைக்குடுவை எடுத்துப் போகக் கூடாது, சத்தம் போட்டுப் பேசக் கூடாது! மீறினால் மலை நாகத்துக்குக் கோபம் வந்து, புயல் கிளம்பி, மணலும் கல்லும் மழையாகக் கொட்டுமாம். அவரே எழுதி வைத்திருக்கிறார். அரக்குச் சிவப்பில் காஞ்சிப்பட்டு கட்டிக்கொண்டு ஒருத்தி அந்தப் பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

சரி, காஞ்சிக்கும் அவருக்கும் என்ன உறவு? நாளந்தாவில் அவருக்குப் பாடம் சொன்னவர் சீலபத்திரர். அந்த சீலபத்திரரின் குரு தர்மபாலர் பிறந்தது காஞ்சியில்! மந்திரி வீட்டுப் பிள்ளை. ராஜகுமாரியோடு கல்யாணம் என்று ஆனபோது, அந்த ராத்திரியே ஊரைவிட்டு மறைந்து துறவியானார் என்பது கதை. ஆக யுவான் சுவாங் வந்தது தன் குருவின் குரு பிறந்த ஊருக்கு. நூற்றுக்கும் மேலான விகாரைகள், பத்தாயிரம் துறவிகள் என்று கணக்கு எழுதினார். அன்று இந்தப் பக்கமிருந்து கப்பலேறினால் மூன்றே நாளில் இலங்கை. ஆனால் அங்கிருந்து வந்த துறவிகள், ராஜா இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சம் என்று சொல்ல, திரும்பிவிட்டார். பனிமலை தடுக்காத மனிதரைப் பஞ்சம் தடுத்தது!

சீனா திரும்பும் வழியில் மறுபடியும் பனிமலை. இந்த முறை இந்துகுஷ். கூட ஏழு துறவிகள், சுமார் இருபது கூலியாட்கள், பத்துக் கோவேறு கழுதைகள், நாலு குதிரைகள், ஒரு யானை. ஆமாம், பனியில் யானை! அது இந்துகுஷ்ஷைத் தாண்டியும் விட்டது. பாவம், பாமீர் பக்கம் கொள்ளைக்காரர்கள் துரத்தியதில் தண்ணீரில் விழுந்து செத்தது.

பட்டு ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. அவர் திரும்பிய வழியில் இருந்த கோத்தன் நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஓர் இளவரசி, பட்டுப்புழு முட்டைகளையும் முசுக்கொட்டை விதைகளையும் தலையணிக்குள் ஒளித்து எல்லை கடத்தினாளாம். ராஜகுமாரி தலையைக் காவலன் சோதிப்பானா? இந்தக் கதையையும் எழுதி வைத்தவர் யுவான் சுவாங்தான்! கோத்தன் பக்கம் கிடைத்த, இந்தக் கதை தீட்டிய பழைய பலகை ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

காஞ்சியில் அவர் எண்ணிய விகாரைகளில் ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. அடுத்த முறை புடவை எடுக்கப் போனால், ஏகாம்பரநாதர் கோயில் வெளி மதிலை ஒட்டி மெதுவாக நடந்து பாருங்கள். கல்லில் சின்னச் சின்னதாகப் புத்தர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.