‘80% வெற்றி’ என்கிறதா ஐ.வி.எஃப் விளம்பரம்? எத்தனை பேரில் என்று முதலில் கேளுங்கள்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு குழந்தையின்மை சிகிச்சை என்றால் முன்பெல்லாம் நுங்கம்பாக்கம், அண்ணாநகர் என்று சிட்டிக்குள்தான் போக வேண்டும். தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தையே 1990-ல் டாக்டர் கமலா செல்வராஜ் சிகிச்சையில் சென்னையில்தான் பிறந்தது. இப்போது நிலைமை வேறு. சி.டி.எச். ரோட்டிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் கருத்தரிப்பு மைய போர்டுகளைத் தாண்டாமல் பஸ்ஸில் போக முடியாது. போனைத் திறந்தால் யூடியூபிலும் அதே விளம்பரம்தான். ‘70% வெற்றி’, ‘80% வெற்றி’.

நகையை அடகு வைத்தோ, லோன் போட்டோ லட்சக்கணக்கில் கட்டப் போகிறவர்கள் அந்த ஒரு எண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அப்படியென்றால் அந்த எண் பொய்யா? பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இதில் சிக்கல்.

100 பேர் உள்ளே போனால்?

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 100 பெண்கள் ஐ.வி.எஃப் ஊசி போட ஆரம்பிக்கிறார்கள். 10 பேருக்கு முட்டை சரியாக வளரவில்லை, அந்த சைக்கிள் பாதியிலேயே நிறுத்தப்படுகிறது. மீதி 90 பேருக்கு கருமுட்டை எடுக்கிறார்கள். அதில் 15 பேருக்கு வைக்கிற மாதிரி நல்ல கரு உருவாகவில்லை. 75 பேருக்கு கருவை கர்ப்பப்பையில் வைக்கிறார்கள். சுமார் இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனையில் 38 பேருக்கு பாசிட்டிவ். ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிவது 30 பேருக்கு. கடைசியில் குழந்தையோடு வீட்டுக்குப் போவது 25 பேர்.

இப்போது வெற்றி சதவீதம் எவ்வளவு? 75-க்கு 38 என்று போட்டால் 51%. 100-க்கு 25 என்று போட்டால் 25%. இரண்டுமே அதே பெண்கள், அதே டாக்டர், அதே லேப். இரண்டுமே உண்மையான கணக்கு. போர்டில் எது ஏறும் என்று சொல்லத் தேவையில்லை.

கீழே போட்ட எண்ணை மறைத்துவிட்டால் ஐ.வி.எஃப்-ன் வரலாறே வேறு மாதிரி தெரியும். 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தது உலகத்துக்கே தெரியும். ஆனால் அந்த ஆராய்ச்சிக் காலத்தில் ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி குழு 100-க்கும் மேற்பட்ட முறை கரு வைத்துப் பார்த்தது. அதில் உயிரோடு பிறந்த குழந்தைகள் இரண்டே இரண்டு.

பாசிட்டிவ் வேறு, குழந்தை வேறு

ரத்தத்தில் பீட்டா ஹெச்.சி.ஜி. ஏறினாலே ‘கர்ப்பம்’ என்று கணக்கெழுதும் இடங்கள் உண்டு. ஆனால் அதில் ஒரு பகுதி இதயத்துடிப்பு வரும் முன்பே கலைந்துவிடும். அதற்குப் பிறகும் கருச்சிதைவு நடக்கலாம். வயது கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும். தம்பதிக்கு வேண்டியது குழந்தைதானே தவிர பாசிட்டிவ் ரிப்போர்ட் இல்லை. அதனால் ‘வெற்றி’ என்று சொன்னால் உடனே கேட்க வேண்டியது, ‘உயிரோடு பிறந்த குழந்தையா, வெறும் பாசிட்டிவா?’

எத்தனை கரு வைத்தார்கள் என்பதும் முக்கியம். இரண்டு, மூன்று என்று வைத்தால் சதவீதம் ஏறலாம். கூடவே இரட்டைப் பிரசவமும் குறைமாதப் பிரசவமும் அதிகமாகும்.

வயது மாறினால் எல்லாமே மாறும்

பிரிட்டனில் ஹெச்.எஃப்.இ.ஏ. என்ற அரசு கண்காணிப்பு அமைப்பு வயது வாரியாகக் கணக்கு வெளியிடுகிறது. அதன் சமீப கால புள்ளிவிவரப்படி, சொந்தக் கருமுட்டையில் உருவான ஒரு கருவை வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதுக்குக் கீழே ஏறக்குறைய மூன்றில் ஒன்று. 43-44 வயதில் அது ஏறக்குறைய இருபதில் ஒன்று. கவனியுங்கள், இதுவும் கரு வைத்த பிறகு போட்ட கணக்குதான். ஊசியோடு நின்றுபோனவர்கள் இதில் இல்லை.

காரணம் கருமுட்டையின் வயது. கர்ப்பப்பைக்கு வயதாவதை விட முட்டைக்கு வயதாவதுதான் இங்கே பெரிய விஷயம். தானமாகப் பெற்ற இளம் பெண்ணின் முட்டையில் 45 வயதிலும் வாய்ப்பு நன்றாக இருப்பது இதனால்தான். ஆக, ஒரு மையத்தின் சதவீதத்தில் தானமுட்டை கேஸ்களும் கலந்திருந்தால், சொந்த முட்டையில் முயற்சி செய்யும் 39 வயதுப் பெண்ணுக்கு அந்த எண்ணால் பயனே இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கஷ்டமான கேஸ்களை ‘சான்ஸ் இல்லை’ என்று திருப்பி அனுப்பும் மையத்தின் சதவீதம் பளபளப்பாக இருக்கும். வேறு இடங்களில் தோற்றுவந்தவர்களையும் எடுத்துப் பார்க்கும் டாக்டரின் சதவீதம் குறைவாகத்தான் தெரியும்.

‘மூன்று முயற்சிக்குள்’ என்றால்?

மேலே போட்ட 25%-ஐயே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் அதே வாய்ப்பு என்று வைத்தால், முதல் சுற்றில் 25, மீதி 75 பேரில் சுமார் 19, மீதி 56 பேரில் 14. மொத்தம் 58. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தோற்ற 75 பேரும் திரும்பி வந்தால்தான் இது நடக்கும். பணம் தீர்ந்து, உடம்பும் மனசும் ஓய்ந்து ஒவ்வொரு முறையும் பாதிப் பேர் நின்றுவிட்டால் மொத்தம் 40-ஐத் தொடாது.

இதைவிட நியாயமான கணக்கு ஒன்று உண்டு. ஒரு முறை முட்டை எடுத்து, அதில் கிடைத்த கருக்களை, உறைய வைத்தவை உட்பட, எல்லாம் வைத்துப் பார்த்த பிறகு எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது என்று பார்ப்பது.

சிறிய மையங்களின் எண்ணில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். 10 பேரில் 6 பேருக்குப் பிறந்தால் 60%. அடுத்த 10 பேரில் 3 பேர் என்றால் 30%. டாக்டர் மாறவில்லை, லேப் மாறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 1992-ல் வந்த சட்டப்படி மையம் வாரியாக முடிவுகள் வெளியாகின்றன. நோயாளிகள் வேறு வேறு என்பதால் இரு மையங்களை நேரடியாக ஒப்பிடாதீர்கள் என்று அங்கேயே எச்சரிக்கையும் இருக்கிறது. இந்தியாவில் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப (ஒழுங்குமுறை) சட்டம், 2021 என்ற சட்டம் 2022 ஜனவரி 25 முதல் அமலில் உள்ளது. மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயது வரைதான் சிகிச்சை. ஆனால் பொதுமக்கள் பார்க்கிற மாதிரி மையம் வாரியான வெற்றிக் கணக்கு இங்கே வெளியாவதில்லை.

அதனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. அந்த மையத்தில் வெற்றி வாய்ப்பு எவ்வளவு, செலவு, பக்கவிளைவு, ஆபத்து என்ன என்பதையெல்லாம் தம்பதிக்கு விளக்கி ஆலோசனை தருவது மையத்தின் கடமை. புகார் கொடுக்க குறைதீர்ப்புப் பிரிவும் ஒவ்வொரு மையத்திலும் இருக்க வேண்டும்.

கேள்வி இப்படி இருக்கலாம்: ‘என் வயதில், என் ஏ.எம்.ஹெச். அளவில், சொந்த முட்டையோடு போன வருடம் இங்கே எத்தனை பேர் ஊசி ஆரம்பித்தார்கள்? அதில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது?’ எண்ணைத் தேடி எடுத்துச் சொல்கிறார்கள் என்றால் நல்லது. ‘கவலைப்படாதீங்கம்மா, கண்டிப்பா நடக்கும்’ என்பது ஆறுதல், பதில் இல்லை.

பணம் கட்டும் முன் இன்னொரு டாக்டரிடம் கருத்து கேட்க நினைப்பவர்கள் பழைய ஸ்கேன், ஏ.எம்.ஹெச்., விந்தணுப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளின் நகலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் இப்போது கருத்தரிப்பு மையம் இருக்கிறது. ஆவடி, அம்பத்தூரில் இருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, பக்கத்தில் பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர்.