சமக்குறி இல்லாத நோட்டு

“ஐ கமிட் மை ஹோம்வொர்க் எவ்ரி நைட்.”

போன ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் நடத்தும் இலவச வகுப்பில், படிவம் இரண்டு படிக்கும் ஒரு பையனின் நோட்டில் இந்த வாக்கியத்தைப் பார்த்தேன். தினமும் இரவில் வீட்டுப்பாடம் செய்கிறேன் என்று சொல்ல வந்திருக்கிறான். எழுத்துப்பிழை இல்லை, காலப்பிழை இல்லை. ஆனால் ஆங்கிலம் தெரிந்தவர் காதில், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல விழும் வாக்கியம் அது.

“ஏன்ப்பா இந்தச் சொல்லப் போட்ட?”

நோட்டின் கடைசிப் பக்கங்களைத் திருப்பிக் காட்டினான். எங்கேயோ டியூஷனில் கொடுத்த சொற்பட்டியல். இடப்பக்கம் ஆங்கிலம், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் தமிழ். ‘கமிட் = செய்.’

“செய்யிறதுன்னுதானே டீச்சர் போட்டிருக்கு?”

அவன்மேல் என்ன தப்பு? கொடுத்ததை நம்பியிருக்கிறான்.

அந்தச் சமக்குறியோடு எனக்கு ஐம்பது ஆண்டுப் பழக்கம். 1960இல் காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டினார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வகுப்பு முடித்து, 1973இல் கிள்ளானில் புகுமுக வகுப்பு, மறு ஆண்டு படிவம் ஒன்று. நான் சேர்ந்தபோது அங்கே பாடங்கள் ஆங்கிலத்தில். 1970இல் முதலாம் வகுப்பில் தொடங்கிய மலாய் வழிக் கல்வி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, எங்களுக்கு இரண்டு வகுப்புக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. நாளைக்கு இருபது சொல் மனப்பாடம், வெள்ளிக்கிழமை ஒப்புவிக்க வேண்டும், தவறினால் பிரம்பு. நான் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறியதில்லை. ஆனால் அதே சொல் வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வாக்கியத்துக்கு நடுவில் வந்து நின்றால் எனக்கு ஆள் தெரியாது.

அந்த ஆண்டு அப்பா கிள்ளானில் பழைய புத்தகம் விற்பவரிடமிருந்து ஒரு அகராதி வாங்கி வந்தார். அவருக்கு ஆங்கிலம் ஓர் எழுத்துகூடத் தெரியாது. “தடிமனா இருந்துச்சு, நல்லதாத்தான் இருக்கும்” என்றார். ஹார்ன்பி என்பவர் தொகுத்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதி, 1963ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் தமிழே இல்லை. முதல் வாரம் அழுகைதான் வந்தது. பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் அதைவிட எளிய ஆங்கிலத்தில் விளக்கம்; அதற்கடியில் அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம். விளக்கம் புரியாத இடத்தில் வாக்கியம் கைகொடுத்தது. வாக்கியம் புரியாத இடத்தில் விளக்கம்.

அந்த அகராதி பிறந்த கதையைப் பிற்பாடு ஆசிரியர் பயிற்சியின்போது படித்தேன். ஏ.எஸ். ஹார்ன்பி 1924இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனவர். ஆங்கிலேயருக்காக எழுதிய அகராதி ஜப்பானிய மாணவனுக்கு உதவவில்லை என்பதை வகுப்பறையில் கண்டார். பிறமொழிக்காரன் ஒரு சொல்லின் பொருளைத் தெரிந்துகொண்டாலும், அதை வாக்கியத்தில் எப்படிப் பொருத்துவது என்ற இடத்தில் இடறி விழுகிறான். நண்பர்கள் இருவரோடு சேர்ந்து அவர் தொகுத்த அகராதி, 1942இல், போர் நடந்துகொண்டிருந்தபோது தோக்கியோவில் வெளிவந்தது. அதையே ஆக்ஸ்ஃபோர்டு 1948இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. வினைச்சொற்கள் வாக்கியத்தில் அமையும் விதத்தை இருபத்தைந்து வகையாகப் பிரித்து, எந்த வினை எந்த வகை என்று ஒவ்வொன்றுக்கும் குறித்திருந்தார்.

அவருக்கும் முன்னால், நம் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். மைக்கேல் வெஸ்ட். பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்காளப் பிள்ளைகள் விளக்கத்தைப் படித்துவிட்டு, அந்த விளக்கத்துக்கே இன்னொரு விளக்கம் தேடும் அவதியைத் தீர்க்க நினைத்தார். 1935இல் அவரும் எண்டிகாட்டும் சேர்ந்து வெளியிட்ட அகராதி, 24,000 சொற்களையும் தொடர்களையும் வெறும் 1,490 சொற்களை மட்டுமே வைத்து விளக்கியது. அந்த 1,490 தெரிந்தவனுக்கு மற்றவை எல்லாம் திறக்கும். மாணவர் அகராதிகள் இன்றும் கடைப்பிடிக்கும் முறை அது. காலனிய வகுப்பறையில், நம்மைப் போன்ற பிள்ளைகளின் திண்டாட்டத்திலிருந்து பிறந்தது. அதை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழும்.

பையனிடம் வருகிறேன். அவனை அகராதி எடுக்கச் சொன்னேன். கமிட் என்ற சொல்லுக்குக் கீழே இருந்த எடுத்துக்காட்டுகளை உரக்கப் படித்தான். கொலை. திருட்டு. தவறு. தற்கொலை.

“என்னப்பா தெரியுது?”

“எல்லாம் கெட்டதா இருக்கு டீச்சர்.”

“தமிழ்ல அப்படி ஒரு சொல் இருக்கா? கெட்டத மட்டும் செய்யிற சொல்?”

யோசித்தான். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: “துரோகம் இழைத்தான்.”

“சரி. ‘நன்மை இழைத்தான்’னு சொல்லலாமா?”

வகுப்பே சிரித்தது. அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள் என்று பதினொரு பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. தீங்கு இழைக்கலாம், அநீதி இழைக்கலாம், உதவி இழைக்க முடியாது. துன்பத்துக்கு ஆளாகலாம், மகிழ்ச்சிக்கு ஆளாக முடியாது. தமிழில் ஆயிரக்கணக்கான வாக்கியங்களைக் கேட்டுக் கேட்டு வந்த அறிவு அது. பையன் பட்டியலில் ‘செய்’ என்பதை அடித்துவிட்டு, ‘இழைக்கிற மாதிரி’ என்று எழுதிக்கொண்டான்.

சொற்களுக்கு இப்படிக் கூட்டாளிகள் உண்டு என்பதைக் கணினி கொண்டு காட்டியவர் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஜான் சின்க்ளேர். உண்மையில் எழுதப்பட்ட, பேசப்பட்ட ஆங்கிலத்தைப் பெருமளவில் திரட்டி அவர் குழு 1987இல் வெளியிட்ட கோபில்ட் அகராதியில், விளக்கமே முழு வாக்கியமாக இருக்கும். ‘ஒருவர் இப்படிச் செய்தால், அவர் இன்னது செய்கிறார் என்று பொருள்’ என்ற பாணி. ‘செட் இன்’ என்ற தொடர், அழுகல், சிதைவு போன்ற விரும்பத்தகாதவற்றுக்கே பெரும்பாலும் வருகிறது என்று கண்டு சொன்னவரும் சின்க்ளேர்தான்.

இதெல்லாம் மேற்கிலிருந்து வந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். காண்டிகை உரை என்றால் என்னவென்று சொல்லும் நன்னூல், கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்று கூறுகளை அடுக்குகிறது. பொருள் சொன்னவுடன் காட்டு சொல்ல வேண்டும் என்பது நம் உரையாசிரியர்கள் கைவிடாத ஒழுங்கு. நம் காலத்தில், எஸ். ராமகிருஷ்ணனின் முயற்சியில் 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, புழங்கும் தமிழை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு விளக்கியது. மூன்றாம் பதிப்பு 2020இல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் அவர் மறைந்தார். என் வகுப்பு மேசையில் ஆங்கில அகராதியும் க்ரியாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆங்கிலம் படிக்க வந்த பிள்ளை இரண்டையும் புரட்ட வேண்டும் என்பது என் விதி.

இந்த நாட்டில் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஏழு வயதில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒரே ஆண்டில் எழுதத் தொடங்குகிறார்கள். கிள்ளானில் பக்கத்து வீட்டு ஹொக்கியன் சீனம் வேறு காதில் விழுந்துகொண்டே இருக்கும். மொழிகள் ஒன்றின் மேல் ஒன்று சாயும். பேச்சு மலாயில் ‘பிஞ்சாம்’ என்றால் இரவல் வாங்குவதும் அதுதான், கொடுப்பதும் அதுதான். அதனால் “பாரோ மீ யுவர் பென்” என்கிறார்கள். தமிழிலோ வாங்குவது வேறு, கொடுப்பது வேறு. லெண்ட், பாரோ இரண்டையும் பிரித்துக் காட்டத் தேவையான அறிவு பிள்ளையின் வாயிலேயே இருக்கிறது.

‘ஃபாலோ’ இன்னும் மோசம். மலாய் ‘இக்குட்’ என்பது கூட வருவதையும் குறிக்கும், பின்னால் வருவதையும் குறிக்கும். என் தங்கை மகள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மேலாளரிடம் “ஐ ஃபாலோ யுவர் கார்” என்றாள். உங்கள் காரில் வருகிறேன் என்று அவள் சொன்னதை, என் காரில் பின்தொடர்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவள் ஷா ஆலாமில் அலுவலக வாசலிலேயே நின்றாள். ‘கூட வர்றேன்’, ‘பின்னால வர்றேன்’ என்று தமிழில் ஒரு முறை சொல்லிப் பார்த்திருந்தால் வேறுபாடு தெரிந்திருக்கும்.

தாய்மொழியை மறந்தால்தான் ஆங்கிலம் வரும் என்று சொல்லும் பெற்றோரைச் சந்திக்கிறேன். முப்பத்தேழு ஆண்டு இடைநிலைப்பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தவளாகச் சொல்கிறேன்: அது பெரிய தவறு. “எக்ஸ்ப்ளெய்ன்ட் ஹிம்” என்று எழுதும் பிள்ளையை “அவனை விளக்கினேனா, அவனுக்கு விளக்கினேனா?” என்று கேளுங்கள். அந்த ‘கு’ உருபே, ஆங்கிலத்தில் ‘டு’ வேண்டும் என்று காட்டிக் கொடுத்துவிடும். எல்லா இடத்திலும் இப்படி ஒத்துவராது. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்ற பழக்கத்தில் “டிஸ்கஸ் அபௌட்” வந்துவிடுகிறது. அங்கே எடுத்துக்காட்டு வாக்கியத்தைத்தான் நம்ப வேண்டும்.

வாக்கியம் மட்டும் போதுமா என்றால், போதாது. இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு பார்வையற்ற அண்ணன். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது; அதைச் சுற்றி உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்யும் பார்வையற்றோர் பலர். என் முழங்கால் வலிக்கு இந்த அண்ணனிடம் போவேன். முழுக்க ரேடியோ கேட்டே ஆங்கிலம் கற்றவர். “ரேடியோவுல வார்த்த தனியா வராதும்மா, ஆளோட, சம்பவத்தோட வரும்” என்பார். அழகாகப் பேசுவார். ஆனால் ‘ரிலக்டண்ட்’ என்றால் பயந்தவர் என்றே பல ஆண்டுகளாக நினைத்திருந்தார். சாட்சி பேசத் தயங்கினார் என்று செய்தியில் கேட்டு, பயத்தால்தான் என்று ஊகித்திருக்கிறார். மனமில்லாமல், தயங்கி என்பதுதான் பொருள் என்று சொன்னபோது கையை நிறுத்திவிட்டு, “அப்ப இத்தன வருசமா தப்பாவா சொல்லிக்கிட்டு இருந்தேன்?” என்று கேட்டார். ஒரு வரி விளக்கம் அவருக்குக் கிடைக்காமல் போயிருந்தது.

பொருட்பெயர்களுக்குச் சமக்குறி தாராளமாகப் போடலாம். கிள்ளான் தெங்கு கெலானா சாலை மளிகைக் கடையில் நின்று, கியூமின் என்றால் சீரகம், ஃபென்னல் என்றால் சோம்பு என்று காட்டினால் போதும். வினைச்சொல்லும் பண்புச்சொல்லும்தான் விளக்கமும் வாக்கியமும் கேட்பவை.

என் பிள்ளைகள் ஒரு சொல்லுக்கு அரைப்பக்கம் ஒதுக்குகிறார்கள். மேலே சொல், எளிய ஆங்கிலத்தில் விளக்கம், அகராதியின் வாக்கியம். அதற்கடியில் சொந்த வாக்கியம் ஒன்று. அதில் அவர்களுக்குத் தெரிந்த ஆளோ இடமோ கட்டாயம் வர வேண்டும். பாடாங் ஜாவாவில் நின்றுபோன கொமுட்டர் ரயில், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் தொலைந்த குடை, பாட்டியின் மூக்குக் கண்ணாடி. மறுநாளும் அடுத்த வாரமும் சொல்லைக் கையால் மறைத்துவிட்டு, வாக்கியத்தைப் படித்து, விடுபட்ட சொல்லைச் சொல்ல வேண்டும். நாளைக்கு மூன்று சொல்லுக்கு மேல் நான் கொடுப்பதில்லை. பெற்றோர் குறைவு என்கிறார்கள். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 2,000 சொற்குடும்பங்கள், சாதாரணமாகப் படிக்கும் பக்கத்தில் சுமார் 80 விழுக்காட்டை நிரப்பிவிடுகின்றன. நாளேட்டையும் நாவலையும் துணையில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 வேண்டும் என்று நியூசிலாந்து ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். அது பல ஆண்டு வேலை. முதல் 2,000, நாளைக்கு மூன்று வீதம், இரண்டே ஆண்டில் முடியும்.

இப்போது நல்ல மாணவர் அகராதிகள் கைப்பேசியில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பிள்ளைகள் திறப்பது மொழிபெயர்ப்புச் செயலியை. அதில் ஒற்றைச் சொல்லைத் தட்டினால் முன்னால் வந்து நிற்பது மறுபடியும் அதே சமக்குறி.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றிரவு பிள்ளை வந்து “அம்மா, இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டால், உடனே ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். “எங்க பாத்த? அந்த வாக்கியத்தப் படி. யார், யாருக்கு, என்ன செஞ்சாங்க?” என்று கேளுங்கள். ஆங்கிலம் ஓர் எழுத்துகூடத் தெரியாத அம்மாவும் அப்பாவும் கேட்கக்கூடிய கேள்வி அது.