கண்புரைச் சிகிச்சையும் நோயாளியின் கடமையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வயலும் தென்னந்தோப்பும் சூழ அமைந்த பண்பொழியிலே, திருமலைக்குமாரசுவாமி கோயிலின் படிகளை ஆண்டாண்டாக ஏறி இறங்கிப் பழகிய முதியவர் ஒருவர், படியின் விளிம்பு இன்னதென்று புலப்படாமல் காலைத் துழாவி வைக்கத் தொடங்குவாரானால், முழங்காலின் தளர்ச்சியை மட்டும் காரணமாகக் கொள்ளாமல், கண்ணில் புரை படர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். கண்ணின் பாவைக்குப் பின்னால் தெளிந்த நிலையில் இருக்கவேண்டிய வில்லை, அதிலுள்ள புரதங்கள் மூப்பினால் திரிந்து மங்கிப்போவதையே புரை என்கிறோம். சொட்டு மருந்தால் அது கரைவதில்லை. மங்கிய வில்லையை நீக்கிவிட்டுச் செயற்கை வில்லை ஒன்றை வைப்பதே உபாயம்.

இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்களில் தைத்த அக்ரிலிக் சிதறல்கள் யாதொரு விபரீதமும் விளைவிக்காமல் உள்ளேயே தங்கியிருந்ததைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி என்னும் ஆங்கில வைத்தியர், 1949 நவம்பரில் அவ்வஸ்துவினால் செய்த வில்லையை லண்டனில் ஒரு நோயாளியின் கண்ணுள் வைத்தார். அந்த வித்தை நம் கிராமத்து ஜனங்களுக்கு எட்டியதற்குப் பிரதான காரணமாயிருந்தவர், வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி. கீல்வாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கத்தி பிடிக்கப் பயின்று, அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை அவர் ஆரம்பித்தார். 1988இல் திருநெல்வேலியிலும் அதன் கிளை தோன்றியது. 1992இல் மதுரை ஆரோலேப் நிறுவனம் வில்லைகளை இங்கேயே செய்யத் தொடங்கியதும் அவற்றின் விலை வெகுவாகத் தணிந்தது.

இவ்வளவு பேருடைய உழைப்பும் ஒரு கண்ணில் பூரணமாகப் பலிக்கவேண்டுமானால், நோயாளியும் தம் பங்கைச் செய்தாகவேண்டும். சர்க்கரை மிகுந்த உடலில் புண் ஆறத் தாமதமாவதோடு கிருமி பற்றும் அபாயமும் கூடுவதால், சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் முன்கூட்டியே கட்டுக்குள் கொண்டுவருதல் அவசியம். உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் கையோடு எடுத்துச் சென்று காட்டவேண்டும். இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது இருதயத்துக்குத் தீங்காக முடியலாம். சிறுநீர்த் தடைக்காக முதிய ஆண்கள் உண்ணும் டாம்சுலோசின், பாவையைச் சூழ்ந்த நிறத்திரையைத் தளரச் செய்யுமாதலால், அதை முன்னரே அறிந்த வைத்தியர் தக்க ஆயத்தத்தோடு கத்தியை எடுப்பார். கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து வில்லையின் சக்தியைக் கணிப்பதும், கண்ணீர்ப் பாதையில் நீர் செலுத்திச் சீழ் உண்டா என்று சோதிப்பதும் அவர்களுடைய வேலை. முந்தின நாளே தலைக்குக் குளித்து, கண்மையை அறவே நீக்கிச் சுத்தமாக வருவது நம்முடைய வேலை.

சிகிச்சை நிமிஷக் கணக்கில் முடிந்துவிடும். கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போகச் செய்து, கிருமி நாசினியால் கழுவி, சிறு துவாரத்தின் வழியே புரையை எடுத்து, அதன் உறைக்குள்ளேயே புதிய வில்லையை அமர்த்துகிறார்கள். பெரும்பாலும் தையல் போடுவதில்லை. துவாரம் தானாகவே மூடிக்கொள்ளும்படி சாமர்த்தியமாக அமைக்கப்படுகிறது. ஆனால் மூடிய வாய் உறுதிப்படச் சில வாரங்கள் செல்லும். அதுவரையில் கண்ணைக் காக்கும் பொறுப்பு வீட்டாருடையது.

மறுநாளே பார்வை தெளிந்துவிட்டதென்ற உற்சாகத்தில் சொட்டு மருந்தை நிறுத்துவதுதான் அபாயம். சோப்பால் கை கழுவி, கீழ் இமையைத் தாழ்த்தி, குப்பியின் நுனி கண்ணில் படாமல் துளியை விட்டு, வைத்தியர் சொன்ன முறைப்படி நாளடைவில் குறைத்துவரவேண்டும். கண்ணைக் கசக்கலாகாது, உறக்கத்தில் கை பட்டுவிடாதபடி இரவில் மூடி அணியவேண்டும். அடுப்புப் புகையும், களத்தில் நெல் தூற்றும் தூசியும், பாரம் தூக்குவதும் சில வாரங்களுக்கு விலக்கத்தக்கவை. சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகும் ஆசை நம் பக்கத்தாருக்கு இயல்பே. எனினும் உச்சந்தலையில் விசையோடு விழும் அருவி நீர் முகத்தில் வழிந்து கண்ணுள் புகுமாதலால், ஒரு மாதமேனும், வைத்தியர் அனுமதிக்கும் வரையிலும், அருவிக் குளியல் வேண்டாம். தாய்ப்பாலையோ மூலிகைச் சாற்றையோ கண்ணில் விடுவது கிருமிகளுக்கு வழி திறந்துவிடுவதாகும்.

வலி மிகுதல், சிவப்பு கூடுதல், சீழ் வடிதல், தெளிந்த பார்வை திரும்ப மங்குதல், மின்னல்போல் ஒளி தோன்றுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரையவேண்டும். உட்கிருமி பரவினால் சில தினங்களுக்குள்ளேயே பார்வை முழுவதும் அழிந்துவிடக்கூடும்.

ஆகையால், நடவு முடியட்டும், பேத்தியின் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடும் தாய்மாரை, குறிப்பாகத் தம் கண்ணைக் கடைசியாக எண்ணும் நம் கிராமத்துப் பாட்டிமாரை, பிள்ளைகளே பரிசோதனைக்கு அழைத்துச் செல்லக் கடமைப்பட்டவர்கள். நாள் குறிக்கும்போதே, யார் உடன் செல்வது, வேளை தவறாமல் யார் மருந்து விடுவது, அத்தனை நாளும் அடுப்படி வேலையை யார் ஏற்பது என்பவற்றையும் குடும்பத்தார் கூடி நிச்சயித்துக்கொள்ளவேண்டும்.