நாற்பதுக்குப் பின் ஒரு சீருடை – 7
இதயம் நின்றால் வரும் தீயணைப்பு வண்டி

ஆஸ்திரேலியாவில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணிகளுக்கு விண்ணப்பிக்க வயது தடையில்லை, உடல்தகுதித் தேர்வில் சலுகையும் இல்லை என்று சென்ற வாரம் பார்த்தோம். இரவுப் பணியைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன், இந்த மூன்றில் எதைத் தேர்வது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஊரில் போலீசுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 என்று பிரித்தே பழகியவர்கள் நாம். ஆஸ்திரேலியாவில் எல்லாவற்றுக்கும் 1961இல் அறிமுகமான 000தான். எடுத்ததும் “போலீசா, தீயணைப்பா, ஆம்புலன்சா?” என்று கேட்பார்கள். மெல்பர்னில் ஒரு வீட்டில் அப்பா மூச்சுப்பேச்சில்லாமல் சரிந்துவிட்டார். மகள் ‘ஆம்புலன்ஸ்’ என்கிறாள். ஆம்புலன்ஸ் கிளம்பும்போதே பக்கத்து நிலையத்திலிருந்து தீயணைப்பு வண்டியும் கிளம்புகிறது!

1990களின் இறுதியில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய ஏற்பாடு இது. இதயம் நின்றபின் எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து சதவீதம் குறைகிறது. ஆம்புலன்சோ அந்த நேரத்தில் இன்னொரு நோயாளியை மருத்துவமனையில் ஒப்படைக்கக் காத்து நிற்கலாம். தீயணைப்பு நிலையங்கள் நகரெங்கும் பரவியிருக்கின்றன. வண்டியும் ஆட்களும் பெரும்பாலும் அங்கேயே தயாராக இருக்கிறார்கள். ஓடிவந்து நெஞ்சை அழுத்துகிறார்கள், டிஃபிப்ரிலேட்டரால் மின்னதிர்ச்சி கொடுக்கிறார்கள், ஆம்புலன்சில் பாராமெடிக் (அவசர மருத்துவப் பணியாளர்) வரும்வரை உயிரைப் பிடித்துவைக்கிறார்கள். மெல்பர்னின் தீயணைப்பைக் கவனிக்க 2020 ஜூலையில் உருவான ஃபயர் ரெஸ்க்யூ விக்டோரியாவும் இதைத் தொடர்கிறது.

சிட்னிக்குப் போனால் இந்த வேலைகளுக்கு இடையிலான கோடுகள் வேறு மாதிரி விழுகின்றன. நசுங்கிய காரை வெட்டி ஆளை எடுக்கும் வேலை மெல்பர்னில் தீயணைப்பு வீரருடையது, அல்லது எஸ்.இ.எஸ். எனும் மாநில அவசரகாலச் சேவையின் தொண்டருடையது. சிட்னியில் போலீசுக்கே தனி மீட்புப் பிரிவு உண்டு. 1942இல் கடலோரப் பாறைகளில் கயிறு கட்டி இறங்கிய குழுவிலிருந்து வளர்ந்தது அது. இன்னும் பின்னால் போனால், 1895இல் சிட்னியின் ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியதே ரயில்வே ஸ்கொயரில் இரவல் வாங்கிய ஒரு போலீஸ் நிலையத்தில்தான். இரண்டே ஊழியர்கள், வண்டி கிடையாது, நோயாளியைத் தூக்குக்கட்டிலில் வைத்துக் கையால் சுமந்தார்கள்.

இவ்வளவும் சொல்லக் காரணம் உண்டு. “ரத்தம் பார்க்க முடியாது, அதனால் தீயணைப்பு” என்று முடிவெடுப்பவர்கள் இருக்கிறார்கள். மெல்பர்னில் அந்த முடிவு முதல் மாதத்திலேயே ஆட்டம் கண்டுவிடும். வேலையின் பெயரை விடுங்கள். முன்பின் தெரியாத ஒருவருடைய மோசமான நாளில் நீங்கள் அவருக்கு யாராக இருக்க விரும்புகிறீர்கள்? ஒரே நோயாளியின் அருகில் உட்கார்ந்து பேசிக்கொண்டே சிகிச்சை தர விரும்பினால் பாராமெடிக். சண்டையிட்டு நிற்கும் இருவருக்கு நடுவே புகுந்து முடிவெடுக்கும் துணிவு இருந்தால் போலீஸ். ஒரு குழுவோடு சேர்ந்து சாப்பிட்டு, பயிற்சி செய்து, ஒன்றாக உள்ளே நுழைய மனமிருந்தால் தீயணைப்பு.

அடுத்த கேள்வி, பயிற்சிக் காலத்தில் வீட்டுக் கடனை எப்படிக் கட்டுவது என்பது. போலீசிலும் தீயணைப்பிலும் பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் வரும். நியூ சவுத் வேல்ஸ் போலீஸ் மட்டும் கோல்பர்ன் அகாடமியில் படிப்பவர்களுக்கு நெடுங்காலம் தராமலிருந்து, 2024 மார்ச்சில் தரத் தொடங்கியது. பாராமெடிக் வழி நீண்டது. 2018 டிசம்பர் 1 முதல் பதிவு பெறாத எவரும் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. பதிவுக்குப் பெரும்பாலும் மூன்றாண்டுப் பட்டம் வேண்டும். அந்த மூன்றாண்டும் வீட்டில் இன்னொருவர் சம்பாதிக்க வேண்டும். தீயணைப்பில் வேறு சிக்கல்: சில இடங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் மோதுகிறார்கள்.

கணக்கு முக்கியம்தான். ஆனால் நோயாளியின் பக்கத்தில் இருக்க ஆசைப்படுகிறவர், படிக்கும் காலத்தில் சம்பளமில்லை என்பதற்காக மட்டும் போலீசில் சேர வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். இருபது வருடம் செய்யப்போகிற வேலைக்கு மூன்று வருடக் கடன் அதிக விலையல்ல.

முடிவெடுக்க முடியவில்லையென்றால், இப்போதைய வேலையை விடாமலேயே உங்கள் பகுதி எஸ்.இ.எஸ். குழுவில் தொண்டராகச் சேருங்கள். புயலில் ஒரு கூரைக்குத் தார்ப்பாய் கட்டும் இரவில் உங்களைப் பற்றி உங்களுக்கே நிறையத் தெரிந்துவிடும்.

இரவுப் பணி அடுத்த வாரம். விக்டோரியத் தீயணைப்பில் பத்து மணி நேரப் பகலும் பதினான்கு மணி நேர இரவுமாக ஓடும் முறை, சிட்னியின் 24 மணி நேர முறை இரண்டையும் பார்ப்போம். அந்தப் பகுதியைக் கணவனும் மனைவியும் சேர்ந்து படியுங்கள். இரவில் வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரின் சம்மதமில்லாமல் விண்ணப்பப் படிவத்தைத் தொட வேண்டாம்.

(தொடரும்)